மீனுக்கு நோயா? தண்ணீரை முதலில் பாருங்கள்!

கொண்டாப்பூர்: ஐதராபாத்தின் கொண்டாப்பூர், மாதாப்பூர், கச்சிபௌலி பகுதிகளில் பிழைப்புக்காக வந்து வாடகை வீடுகளில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் பல. நாய் வளர்க்க வீட்டுக்காரர் சம்மதிப்பதில்லை. குழந்தை அடம் பிடித்தால் பெற்றோர் வாங்கித் தரக்கூடியது ஒரு ‘ஃபைட்டர்’ மீன்தான். அலமாரி மேல் ஒரு சாண் இடம் போதும், செலவும் குறைவு என்று நினைத்து வாங்கி வருகிறார்கள்.

ஆனால் இரண்டு மாதம் ஆவதற்குள் மீன் அடியில் படுத்துவிடுகிறது. குழந்தை அழுகிறது. ‘அதன் ஆயுள் அவ்வளவுதான்’ என்று சொல்லித் தேற்றுகிறார்கள். இது உண்மையல்ல. சரியாக வளர்த்தால் ஃபைட்டர் மீன் இரண்டு, மூன்று ஆண்டுகள் உயிர் வாழும். மாதக் கணக்கில் இறக்கும் மீன்களில் பெரும்பாலானவை தண்ணீரின் கெடுதலாலும் குளிராலும் இறப்பவையே.

கிண்ணம் போதாது

பெட்டா என்று அழைக்கப்படும் இந்த மீனின் தாயகம் தாய்லாந்து. 2019-ல் அந்நாடு இதைத் தனது தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது. நம் தமிழகத்திலோ, சென்னை கொளத்தூர் வண்ண மீன் வியாபாரத்துக்குப் பேர் போனது. அங்கும் இந்த மீனுக்குத் தனி மவுசு உண்டு.

இம்மீன் நீரின் மேல்மட்டத்துக்கு வந்து நேரடியாகக் காற்றைச் சுவாசிக்கக் கூடியது. நெல் வயல்களிலும் சதுப்பு நிலங்களிலும் வாழ இயற்கை தந்த வசதி இது. இதை வைத்தே ‘சின்னக் கிண்ணம் போதும்’ என்ற எண்ணம் பரவிவிட்டது. வயலில் தண்ணீரின் ஆழம் குறைவுதான், பரப்போ பெரியது. கிண்ணத்தில் மீனின் கழிவும், தின்னாமல் விட்ட தீனியும் அழுகி அம்மோனியா என்னும் நஞ்சு சேருகிறது. காற்றைச் சுவாசிக்கும் வசதி இந்த நஞ்சிலிருந்து மீனைக் காப்பாற்றாது.

ஒரு மீனுக்குக் குறைந்தது 10 லிட்டர் தண்ணீர் இருப்பது நல்லது. மீன் துள்ளி வெளியே விழாமல் மூடி வேண்டும். மூடிக்கும் தண்ணீருக்கும் நடுவே காற்றுக்கு இடைவெளியும் வேண்டும்.

குளிர்கால ஆபத்து

ஃபைட்டருக்கு ஏற்ற வெப்பம் 25 முதல் 28 டிகிரி செல்சியஸ். ஐதராபாத்தில் மார்கழி, தை மாத இரவுகளில் 15 டிகிரிக்கும் கீழே குளிர் இறங்குவதுண்டு. சென்னையில் இருந்து வந்தவர்கள் தமக்குப் போர்வை வாங்குகிறார்கள்; மீனை மறந்துவிடுகிறார்கள். குளிரில் மீனுக்குத் தீனி செரிப்பதில்லை, நோயை எதிர்க்கும் சக்தியும் குறைகிறது.

மீன் கடைகளில் சிறிய ஹீட்டர் கிடைக்கும். தண்ணீரில் கை வைக்குமுன் அதன் பிளக்கைக் கழற்றிவிட வேண்டும். ஹீட்டர் வாங்க முடியாதவர்கள் தொட்டியை ஜன்னல் ஓரத்தில் இருந்து எடுத்து, சுற்றிலும் தெர்மாகோல் வைக்கலாம். சுடுநீரை ஊற்றவே கூடாது.

அறிகுறிகள்

நலமாக உள்ள மீன் ஆளைக் கண்டதும் முன்னே வரும். துடுப்புகளை விசிறி போல் விரிக்கும். துடுப்புகளை உடலோடு ஒட்டி வைத்துக்கொண்டு, நிறம் மங்கி, தீனியைத் தீண்டாமல் இருந்தால் நோய் தொடங்கிவிட்டது என்று பொருள்.

உடலில் உப்புத் தூவியது போல் வெண்புள்ளிகள் தெரிந்தால் அது ஒட்டுண்ணி நோய். மஞ்சள் பொடி தூவியது போல் மினுமினுத்தால் அது வேறு ஓர் ஒட்டுண்ணி. டார்ச் விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால் நன்றாகத் தெரியும். பஞ்சு போல் வெள்ளையாகப் படர்ந்தால் பூஞ்சையாக இருக்கலாம்.

வால் கிழிந்திருந்தால் உடனே பயப்பட வேண்டாம். நேராகக் கிழிந்து நிறம் மாறாமல் இருந்தால், கூரான அலங்காரச் செடியில் மாட்டியிருக்கலாம். ஓரம் கறுத்தோ சிவந்தோ நாளுக்கு நாள் கரைந்து வந்தால் அது வால் அழுகல்.

வயிறு மட்டும் உப்பி மீன் சாய்ந்து நீந்தினால் பெரும்பாலும் மலச்சிக்கல். உடல் முழுதும் வீங்கிச் செதில்கள் அன்னாசிப் பழத்தோல் போல் தூக்கி நின்றால் உள்ளுறுப்புகள் கெட்டுவிட்டன என்று அர்த்தம். இந்த நிலையில் இருந்து பிழைக்கும் மீன்கள் மிகக் குறைவு.

வைத்தியம்

எந்த நோயானாலும் முதல் வைத்தியம் தண்ணீர் மாற்றுவதுதான். மொத்தத்தையும் ஒரேயடியாகக் கொட்டாமல் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை மாற்ற வேண்டும். குழாய்க் குடிநீரில் கிருமியைக் கொல்லக் கலக்கும் குளோரின், மீனின் செவுளையும் அரிக்கும். மீன் கடையில் விற்கும் குளோரின் நீக்கும் சொட்டு மருந்தைக் கலந்து, புதுத் தண்ணீரின் சூடு பழையதற்குச் சமமாக இருக்கும்போது ஊற்ற வேண்டும். வால் அழுகல் தொடக்கத்தில் இருந்தால் சுத்தமான தண்ணீரே பல சமயம் குணப்படுத்திவிடும்.

அடுத்தது உப்பு. 4 லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி கல் உப்பைத் தனியே கரைத்துச் சிறிது சிறிதாகச் சேர்க்கலாம். மாற்றும் தண்ணீரின் அளவுக்கு மட்டுமே மறுபடி உப்புச் சேர்க்க வேண்டும். பத்து நாளுக்கு மேல் நீடிக்க வேண்டாம்.

வெண்புள்ளி நோய்க்குக் கடையில் மருந்து உண்டு. புள்ளிகள் மறைந்ததும் பலர் மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். அங்கேதான் தவறு. மீனின் மேல் இருக்கும்போது கிருமியை மருந்து எட்டுவதில்லை. அது உதிர்ந்து அடியில் தங்கி, நூற்றுக்கணக்கில் பெருகி, மீண்டும் மீனைத் தேடி நீந்தும்போதுதான் மருந்து கொல்லும். ஆகவே சீட்டில் குறித்த நாள் வரை மருந்தைத் தொடர வேண்டும். மஞ்சள் பொடி போன்ற நோய்க்கு மருந்தோடு தொட்டியைத் துணியால் மூடி இருட்டாக வைப்பதும் உதவும். அந்தக் கிருமிக்கு வெளிச்சமும் உணவாகிறது.

மலச்சிக்கலுக்கு இரண்டு, மூன்று நாள் பட்டினி போட்டாலே போதும். சாதாரண நாட்களிலும் வேளைக்கு இரண்டு, மூன்று உருண்டைத் தீனிக்கு மேல் வேண்டாம். சாக்கடைச் சேற்றில் வளரும் உயிர்ப்புழுக்களால் நோய் வரும், தவிர்ப்பது நலம்.

தெருவோர நாட்டு வாதுமை மரத்தின் காய்ந்த இலையைக் கழுவித் தொட்டியில் போடுவது தாய்லாந்து மீன் வளர்ப்போரின் பழைய வழக்கம். தண்ணீர் டீ நிறமாக மாறும், அதனால் கேடில்லை. மனிதர்களுக்கான ஆன்டிபயாடிக் மாத்திரையைப் பிரித்துத் தொட்டியில் கொட்டுவது மட்டும் கூடாது. அளவு தெரியாத மருந்து மீனையும் கொல்லும், கிருமியையும் பழக்கிவிடும்.

வளர்ப்போருக்கும் ஓர் எச்சரிக்கை. மீன்களுக்கு வரும் காசநோய்க் கிருமிகளில் ஒன்று, கையில் உள்ள வெட்டுக்காயம் வழியே மனிதரின் தோலிலும் ஆறாத புண்ணை உண்டாக்கும். காயம் இருந்தால் தொட்டிக்குள் கை விடக் கூடாது. குழந்தைகள் தொட்டியைத் தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். நோயுற்ற மீனை ஏரியிலோ குளத்திலோ விடுவதும் தவறு. நோய் அங்குள்ள மீன்களுக்கும் பரவும்.

தினமும் காலையில் தீனி போடும்போது ஒரு நிமிடம் நின்று மீனைக் கவனித்தால் போதும். முதல் நாளிலேயே கண்டுகொண்ட நோய்க்கு ஒரு வாளித் தண்ணீரும் ஒரு பிடி உப்பும் பெரும்பாலும் போதுமானவை. பத்தாம் நாள் கண்டுகொண்ட நோய்க்குக் கடையில் உள்ள மருந்து முழுவதையும் வாங்கினாலும் பலன் இருப்பதில்லை.