கழுத்திலே ஒரு பட்டாம்பூச்சி

"உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்பர் நம் பெரியோர். அன்புத் தோழியரே, உப்பு நாவின் சுவைக்கு மட்டுமன்று, அறிவின் வளர்ச்சிக்கும் துணை செய்கிறது. எவ்வாறு என்று காண்போம்.

குரல்வளைக்குச் சற்றுக் கீழே, மூச்சுக்குழலின் முன்புறம், சிறகு விரித்த பட்டாம்பூச்சி போல் அமைந்திருப்பது தைராய்டு சுரப்பி. எடை ஏறக்குறைய 20 கிராம். இது நாளமில்லாச் சுரப்பி. அதாவது, தான் சுரப்பதைக் குழாய் ஏதுமின்றி நேரே இரத்தத்தில் கலக்கிறது. இது சுரக்கும் தைராக்சின், உண்ட உணவு ஆற்றலாக மாறும் வேகத்தை முறைப்படுத்துகிறது. அது குறைந்தால் சோர்வும் மறதியும் உண்டாகும், குளிர் தாங்காது. மிகுந்தால் படபடப்பும் உடல் மெலிவும் தோன்றும்.

தைராக்சினின் ஒவ்வொரு மூலக்கூறிலும் 4 அயோடின் அணுக்கள் உள்ளன. அயோடின் போதாவிடில், மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி, "இன்னும் சுரப்பாய்" என்று தைராய்டை ஏவுகிறது. ஏவ ஏவ அது வீங்கி, முன்கழுத்துக் கழலை ஆகிறது. கர்ப்பிணித் தாய்க்கு இக்குறை கடுமையானால், பிறக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சி குன்றிவிடும். பின்னர் அதை முழுமையாக ஈடுசெய்ய இயலாது.

தைராய்டின் பின்புறம் அரிசி மணி போன்ற பாராதைராய்டு சுரப்பிகள் பெரும்பாலும் 4 இருக்கும். இரத்தத்தில் கால்சியம் குறையாமல் காப்பது இவற்றின் பணி. குறைந்தால் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கும். சிறுநீரில் வீணாகாமல் தடுக்கும். இவை செயலிழந்தால் விரல்கள் மரத்து, தசைகள் இழுத்துக்கொள்ளும். கால்சியம் தரும் பாலையும் கேழ்வரகையும் நாம் ஒதுக்கலாகாது.

கழலையைத் தடுக்கும் வழியை நம் நாட்டிலேயே சோதித்துக் காட்டினர். இமயமலை அடிவாரத்துக் காங்க்ரா பள்ளத்தாக்கில் 1956 இல் மருத்துவர் வி. ராமலிங்கசுவாமி குழுவினர் சில பகுதிகளுக்கு அயோடின் கலந்த உப்பும், ஒரு பகுதிக்கு வெறும் உப்பும் வழங்கினர். சில ஆண்டுகளில், அயோடின் உப்பு உண்ட பகுதிகளில் கழலை வெகுவாகக் குறைந்தது. மற்றப் பகுதியில் குறையவில்லை. 1962 இல் அரசின் கழலைத் தடுப்புத் திட்டம் தொடங்கிற்று.

ஆயினும், தூத்துக்குடியில் மலை மலையாக உப்பு விளைவிக்கும் நம் தமிழகத்தில், 2018-19 ஆம் ஆண்டின் இந்திய அயோடின் ஆய்வின்படி, போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்திய வீடுகள் நூற்றுக்கு 62 மட்டுமே. இது மாநிலங்களுள் மிகக் குறைவு!

நமக்கு நாள்தோறும் வேண்டிய அயோடின் 150 மைக்ரோகிராம்தான். திருநாவலூர்க் கடையில் உப்பு வாங்கும்போது, உறையில் "அயோடின் கலந்தது" என்று இருக்கிறதா என நாம் பார்ப்போம். ஈரமும் வெயிலும் படாமல் மூடி வைப்போம். சமையலின் இறுதியில் சேர்ப்போம். இதை நம் அன்னையர்க்கும் எடுத்துச் சொல்வோம். நாளை பிறக்கும் தம்பி தங்கையரின் அறிவு, இன்று நம் அடுக்களை உப்பு ஜாடியில் இருக்கிறது.