கூடாத எலும்பு

என் அண்ணனின் கால் முறிந்தது பூண்டு மூட்டை ஏற்றிய மட்டக்குதிரையால். பள்ளங்கி மலைக்கிராமத்தில் எங்கள் தோட்டம் ரோட்டுக்குக் கீழே, படிப்படியாக இறங்கும் சரிவில் இருக்கிறது. விளைந்ததை மேலே கொண்டுவரக் குதிரைதான் துணை. மழை பெய்து தடம் வழுக்கிக் கிடந்த ஒரு காலையில் குதிரை கால் தவறிச் சரிந்தது. பள்ளத்துப் பக்கமாக நடந்து வந்த அண்ணன் மேல் இரண்டு மூட்டைகளோடு விழுந்தது. இடது கணுக்காலுக்கு ஒரு சாண் மேலே எலும்பு இரண்டாகி, ஒரு முனை தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. ஒரு கேரட் வண்டியின் பின்பக்கத்தில் படுக்கவைத்து, பெருமாள்மலை, வத்தலக்குண்டு என்று மலையிறக்கி மதுரை கொண்டுவந்து சேர்ப்பதற்குள் பாதிப் பகல் போய்விட்டது.

அன்றே எலும்புக்குள் கம்பி வைத்தார்கள். புண் ஆறியது. எலும்பு மட்டும் கூடவில்லை. மாதம் ஒருமுறை எக்ஸ்ரே எடுப்பார்கள். இரண்டு முனைகளுக்கும் நடுவே அதே கறுப்புக் கோடு தெரியும். அம்மா ஆட்டுக்கால் சூப்பு வைத்துக் கொடுத்தார், பிரண்டைத் துவையல் அரைத்தார். மதினி தினமும் போன் செய்து ஒரே கேள்வியைக் கேட்பார்: "எலும்பு கூடிருச்சாமா?"

நான் மதுரையில் ஒரு நோய்க்குறியியல் ஆய்வுக்கூடத்தில் இருபத்தாறு ஆண்டுகளாக டெக்னீசியனாக இருக்கிறேன். அறுவை சிகிச்சையில் எடுத்த சதையையும் எலும்பையும் மெழுகில் புதைத்து, மெல்லிய சீவலாகச் சீவி, சாயம் ஏற்றி, டாக்டர்கள் பார்க்கும்படி ஸ்லைடாக்கிக் கொடுப்பது என் வேலை. எலும்பு ஏன் கூடுகிறது, ஏன் கூடாமல் போகிறது என்ற கேள்வி அதற்கு முன்பும் என் மேசைக்கு வந்ததுண்டு. அண்ணன் கால் முறிந்த பிறகுதான் அதை முழுக்கத் தெரிந்துகொள்ளாமல் விடக்கூடாது என்று தோன்றியது.

எலும்பைச் சுண்ணாம்புக் கல் போல நினைக்கிறோம். உண்மையில் அது ரத்தம் ஓடுகிற உயிருள்ள திசு. முறிந்தவுடன் அந்த இடத்தில் ரத்தம் கட்டுகிறது. அந்தக் கட்டுக்குள் அக்கம்பக்கத்திலிருந்து மயிரிழையிலும் மெல்லிய ரத்தக்குழாய்கள் முளைத்துப் போகின்றன. அவை கொண்டுவரும் பிராணவாயுவையும் உணவையும் நம்பித்தான் எலும்பு கட்டும் செல்கள் அங்கே வேலை செய்ய முடியும். முதலில் குருத்தெலும்பு போன்ற ஒரு மெத்தை உண்டாகிறது. குழாய்கள் அதைத் துளைத்துக்கொண்டு நுழைய, மெத்தை கரைந்து எலும்பாகிறது. எலும்பு உருவாவதில் ரத்தக்குழாய்களுக்கு உள்ள பங்கைப் பற்றி ஆக்ஸ்போர்டில் பணியாற்றிய கட்டலோனிய அறுவை மருத்துவர் ஜோசப் ட்ருவெட்டா 1963இல் எழுதிய கட்டுரை இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. அண்ணனுக்கு முறிந்ததோ ரத்தம் எளிதில் வந்து சேராத இடம். கணுக்காலுக்கு மேலே சதை குறைவு, ரத்த ஓட்டமும் குறைவு. அங்கே தோலும் கிழிந்துவிட்டால் எலும்பு கூடுவது கடினம். பீடியும் புகைத்தால் இன்னும் தாமதமாகும். அண்ணன் புகைத்தார்.

கோவை கங்கா மருத்துவமனையின் டாக்டர் ராஜசேகரனும் அவருடைய குழுவினரும் 2006இல் வெளியிட்ட அளவுகோல் ஒன்று இப்படிப்பட்ட திறந்த காயங்களுக்கானது. எலும்புக்கு மட்டும் மதிப்பெண் போடாமல் தோலுக்குத் தனியாக, தசைக்கும் நரம்புக்கும் தனியாக, எலும்புக்குத் தனியாக என்று போட்டுப் பார்ப்பார்கள். காலைக் காப்பாற்றலாமா என்ற முடிவுக்கு அது உதவுகிறது. மேலே போர்த்தியிருக்கும் உயிருள்ள சதை இல்லாமல் எலும்பு தனியே பிழைக்காது என்பதை நோயாளிகளைப் பார்த்துப் பார்த்து உணர்ந்தவர்கள் வகுத்த கணக்கு அது.

ஆனால் மயிரிழையிலும் மெல்லிய அந்தக் குழாய்களைக் கண்ணால் பார்ப்பது எப்படி? வழக்கமான ஊதா, இளஞ்சிவப்புச் சாயத்தில் பல செல்கள் ஒரே மாதிரி தெரியும். புதிதாக முளைத்த குழாயில் ஒரு வரிசைச் செல்கள்தான் இருக்கும். உள்ளே ரத்தம் இல்லாவிட்டால் அது குழாய்தான் என்று சத்தியம் செய்ய முடியாது. இங்கேதான் எதிர்ப்பொருள் வருகிறது. ஆய்வுக்கூடத்தில் நாங்கள் ஆன்டிபாடி என்றே சொல்வோம்.

கிருமி நுழைந்தால் நம் உடல் அதைப் பிடிக்க ஒரு புரதத்தைச் செய்கிறது. ஒய் எழுத்து வடிவம், இரண்டு கைகள். ஒவ்வொரு எதிர்ப்பொருளும் தனக்கென்று ஒரே ஓர் இலக்கைத்தான் பற்றும். ஆல்பர்ட் கூன்ஸ் என்ற அமெரிக்கர் 1941இல் இதோடு ஒளிரும் சாயத்தை ஒட்டவைத்து, தேடுகிற பொருளை நுண்ணோக்கியில் மின்ன வைக்கலாம் என்று காட்டினார். கோலர், மில்ஸ்டைன் என்ற விஞ்ஞானிகள் 1975இல் ஒரே வகை எதிர்ப்பொருளை ஆய்வுக்கூடத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் உண்டாக்கும் வழியைக் கண்டார்கள். 1984இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்று எங்கள் குளிர்பெட்டியில் சின்னச் சின்னக் குப்பிகளில் இருப்பவை அந்த வழியின் பிள்ளைகள். ரத்தக்குழாயின் உட்சுவர்ச் செல்களின் மேல் சிடி31 என்றொரு புரதம் உண்டு. அதைப் பற்றும் எதிர்ப்பொருளைச் சீவலின் மேல் விட்டு, அந்த எதிர்ப்பொருளையே பற்றும் இரண்டாவது எதிர்ப்பொருளை விட்டு, நிறம் தரும் மருந்தை ஊற்றினால், குழாய் இருக்கும் இடத்தில் பழுப்பு வளையம் எழும். சுற்றிலும் இளநீலம்.

சொல்ல எளிது. எலும்பில் இதைச் செய்வது பொறுமையைச் சோதிக்கும். சுண்ணாம்பை நீக்காமல் எலும்பைச் சீவ முடியாது, கத்தி உடைந்துவிடும். நைட்ரிக் அமிலத்தில் போட்டால் சில நாட்களில் மெத்தென்று ஆகிவிடும். ஆனால் நாம் தேடும் புரதமும் அதோடு சிதைந்துவிடும். அதனால் ஈடிடிஏ கரைசலில் வாரக்கணக்கில் ஊறவைத்து, கரைசலை மாற்றி மாற்றிக் காத்திருப்போம். பிறகு மெழுகு, பிறகு மைக்ரோடோமில் ஒரு மில்லிமீட்டரை இருநூற்றைம்பதாகப் பிரித்த கனத்தில் சீவல். திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலின் மூடிவைத்த இலக்கைத் திறக்க ஸ்லைடைப் பிரஷர் குக்கரில் வைத்துச் சூடாக்குவது வழக்கம். எலும்புச் சீவலோ அந்தக் கொதியில் கண்ணாடியை விட்டுக் கழன்று மிதக்கும். இளஞ்சூட்டில் இரவு முழுதும் வைத்திருந்து எடுப்பதை நான் பல சீவல்களை இழந்த பிறகே கற்றேன்.

ஒன்பதாம் மாதம் அண்ணனுக்கு மறுபடி அறுவை சிகிச்சை. இடுப்பெலும்பிலிருந்து சில்லுகள் எடுத்து இடைவெளியில் வைத்தார்கள். நடுவே கிடந்த திசுவைச் சீழ்க்கிருமி ஏதும் இருக்கிறதா என்று பார்க்கச் சோதனைக்கு அனுப்பினார்கள். அது எங்கள் ஆய்வுக்கூடத்துக்கே வந்தது. சீழ் இல்லை என்று முடிவு எழுதிய பிறகு, மிச்சமிருந்த மெழுகுக்கட்டியிலிருந்து சிடி31க்கு ஒரு சீவல் எடுக்கலாமா என்று எங்கள் டாக்டர் அம்மாவிடம் கேட்டேன். "அண்ணனைக் கேட்டுட்டுச் செய்" என்றார். போனில் கேட்டேன். "என் எலும்புதான, பாத்துக்க பாப்பா" என்றார் அண்ணன்.

இரண்டு ஸ்லைடு செய்தேன். ஒன்றில் எல்லாப் படிகளும். மற்றொன்றில் முதல் எதிர்ப்பொருளை மட்டும் தவிர்த்து மற்ற எல்லாம். இந்த இரண்டாவது ஸ்லைடு இல்லாமல் முதல் ஸ்லைடை நான் நம்புவதில்லை. முறிவில் கட்டிய பழைய ரத்தம் கரையும்போது இரும்புக் கறையை விட்டுச் செல்லும், அதுவும் பழுப்புதான். சிவப்பணுக்களில் உள்ள நொதியைச் சரியாக அடக்காவிட்டால் அவையும் பழுப்பாகும். இரண்டாவது ஸ்லைடும் காட்டிக்கொடுக்காத ஏமாற்றுகள் உண்டு. மஜ்ஜையில் தட்டணுக்களை உண்டாக்கும் பெரிய செல்களும் சிடி31 தாங்கியவை, குழாய் என்று ஏமாந்து எண்ணிவிடலாம். பிராணி மாறினாலும் கதை மாறும். மனிதப் புரதத்துக்கென்று செய்த எதிர்ப்பொருள் ஆட்டின் புரதத்தைப் பற்றாமல் போகலாம். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் வர்மா, ஆனி ஜான் ஆகியோரின் குழு, ஆட்டின் தொடையெலும்பில் 2 செ.மீ. இடைவெளி உண்டாக்கி, தாங்களே உருவாக்கிய துளையுள்ள பீங்கான் பொருளை வைத்து எலும்பு வளர்வதைப் பார்த்த ஆய்வு 2009இல் வெளிவந்தது. ஆட்டில் இப்படி ஆய்வு செய்கிறவர்கள் எதிர்ப்பொருள் வாங்கும் முன்னே அது ஆட்டுக்குப் பொருந்துமா என்று பார்த்தாக வேண்டும். பொருந்தாத குப்பியை வைத்துக்கொண்டு "குழாயே முளைக்கவில்லை" என்று எழுதினால் அது பொய்யாகிவிடும், எழுதியவருக்கே தெரியாமல்.

அண்ணனின் ஸ்லைடை நுண்ணோக்கியில் வைத்தபோது வெறும் நீலத்தைத்தான் எதிர்பார்த்தேன். ரத்தம் போகாத இடத்தில் எலும்பு கூடாது என்றுதானே படித்திருந்தேன். பார்த்தால் பழுப்பு வளையங்கள், எங்கே நகர்த்தினாலும் வளையங்கள். இரண்டாவது ஸ்லைடு சுத்தமாக இருந்தது. சாயத்தின் தவறு இல்லை. குழாய் இருக்கிறது, எலும்பு இல்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

டாக்டர் அம்மா மறுநாள் இரண்டு பழைய கட்டுரைகளை எடுத்துக் கொடுத்தார். ரீட், பிரவுன்லோ, சிம்ப்சன் முதலிய பிரிட்டன் ஆய்வாளர்கள் 2002இல் எழுதியவை. கூடாமல் சுருங்கிப்போன முறிவுகளில் ரத்தக்குழாயே இருக்காது என்று அதுவரை பாடப்புத்தகங்கள் சொல்லிவந்தன. நோயாளிகளிடமிருந்து எடுத்த திசுவில் குழாய்களை எதிர்ப்பொருளால் தெரியவைத்துப் பார்த்தபோது, கூடிவரும் முறிவுகளுக்குக் குறையாமல் குழாய்கள் இருந்தன. முயல்களில் நாள்வாரியாகப் பார்த்ததில் விடை கிடைத்தது. கூடாத முறிவுகளிலும் குழாய்கள் கடைசியில் அதே எண்ணிக்கைக்கு வந்துவிடுகின்றன. வருவதுதான் தாமதம். முதல் மூன்று வாரத்துக்குள் குழாய்கள் குறைவாக இருப்பதே எலும்பைக் கூடவிடாமல் செய்யக்கூடும் என்று அவர்கள் எழுதினார்கள்.

படித்தவுடன் எனக்குத் தோட்டம் நினைவுக்கு வந்தது. பூண்டு ஊன்றிய புதிதில் தண்ணீர் காட்டாமல் விட்டு, மூன்று மாதம் கழித்து ஓடையையே திருப்பிவிட்டாலும் பல் முளைக்காது.

குழாய்களைப் பார்க்க மட்டுமல்லாமல், அவை முளைப்பதைத் தடுக்கவும் எதிர்ப்பொருளைப் பயன்படுத்தலாம். புதுக் குழாயை முளைக்கத் தூண்டும் விஇஜிஎஃப் என்ற புரதத்தை நெப்போலியோன் ஃபெராரா 1989இல் பிரித்தெடுத்தார். அதைப் பற்றி முடக்கும் எதிர்ப்பொருள், பெவசிசுமாப் என்ற பெயரில் புற்றுநோய் மருந்தாக 2004இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. விஇஜிஎஃப்பைத் தூண்டில் போலக் கவரும் ஒரு புரதத்தை எதிர்ப்பொருளின் வாலோடு இணைத்து, ஃபெராராவின் குழு இளம் எலிகளுக்குக் கொடுத்தது. 1999இல் வெளிவந்த முடிவு: எலும்பின் வளர்முனைக்குள் குழாய்கள் நுழைவது ஏறக்குறைய நின்றது, புது எலும்பும் குறைந்தது. மருந்தை நிறுத்தியதும் குழாய்கள் நுழைந்தன, எலும்பு திரும்ப வளர்ந்தது. குழாய் முன்னே போகிறது, எலும்பு பின்னே வருகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியாது.

எல்லாக் குழாயும் ஒன்றா என்ற கேள்வி பாக்கி இருந்தது. ஜெர்மனியின் ம்யூன்ஸ்டர் நகரில் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் ரால்ஃப் ஆடம்ஸ் குழுவிலிருந்து 2014 மார்ச்சில் 'நேச்சர்' இதழில் இரண்டு கட்டுரைகள் வந்தன. ஒன்றின் முதல் ஆசிரியர் அஞ்சலி குசும்பே, மற்றதன் முதல் ஆசிரியர் சரவண ராமசாமி. அந்தப் பெயர்களைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை. எலியின் எலும்பில் சிடி31, எண்டோமியூசின் என்ற இரண்டுக்கும் இரு நிற எதிர்ப்பொருள்களைச் சேர்த்து விட்டுப் பார்த்தார்கள். இரண்டுமே பளிச்சென்று ஒளிரும் குழாய்கள் ஒரு வகை, இரண்டுமே மங்கலாக ஒளிர்பவை மற்றொரு வகை. முதல் வகைக்கு எச் என்றும் இரண்டாவதற்கு எல் என்றும் பெயரிட்டார்கள். எச் வகைக் குழாய்கள் வளர்முனைக்கு அருகே நேர்வரிசையாக நிற்கின்றன, எலும்பு கட்டப்போகும் இளஞ்செல்கள் அவற்றையே மொய்த்திருக்கின்றன. எல் வகை மஜ்ஜைக்குள் வலைபோலப் பின்னிக் கிடக்கிறது. வயதாக ஆக எச் வகை அருகிப்போகிறது. தலசீமியா குழந்தைகளுக்கு உடலில் மிகுந்த இரும்பை வெளியேற்றக் கொடுக்கும் டெஃபராக்சமைன் மருந்தை வயதான எலிகளுக்குக் கொடுத்தபோது எச் வகைக் குழாய்கள் பெருகின, எலும்பும் அதிகமானது. எலியில் நடந்தது அது. முறிந்த காலுக்கு இந்த மருந்தைக் கொடுங்கள் என்று டாக்டரிடம் கேட்க வேண்டிய கட்டம் வரவில்லை.

அம்மா அரைத்த பிரண்டையையும் இங்கே சொல்ல வேண்டும். காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் உடுப்பாவும் பிரசாதும் 1960களில், கதிர்வீச்சு கொண்ட கால்சியத்தை வைத்து, முறிவில் பிரண்டை என்ன செய்கிறது என்று ஆராய்ந்தார்கள். குழாயைக் காட்டும் எதிர்ப்பொருள் அன்று அவர்கள் கையில் இல்லை. இன்று இருக்கிறது. முதல் மூன்று வாரக் குழாய்களுக்குப் பிரண்டை ஏதாவது செய்கிறதா என்பதை யாராவது சரியான இரண்டாவது ஸ்லைடோடு பார்த்தால், அந்தச் சீவல்களை எடுத்துக்கொடுக்க நான் தயார்.

இடுப்பெலும்புச் சில்லு வைத்த பத்தாவது வாரம் எக்ஸ்ரேயில் கறுப்புக் கோட்டின் ஓரத்தில் பஞ்சுபோல வெண்மை தெரிந்தது. பீடியை அண்ணன் அதற்கு முன்பே விட்டிருந்தார். ஸ்லைடைப் பார்க்க வேண்டுமென்று ஊன்றுகோலோடு ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். நுண்ணோக்கியில் கண்ணை வைத்து வெகுநேரம் பேசவில்லை.

"இம்புட்டு ரத்தக்குழா இருந்தும் ஏன் பாப்பா கூடல?"

"லேட்டா வந்திருக்கலாம்ணே. இல்ல, எலும்பு கட்டுற வகைக் குழாயா இல்லாம இருந்திருக்கலாம். இந்த ஒரு ஸ்லைட வச்சுச் சொல்ல முடியாது. அதுக்கு வேற ஆன்டிபாடி வேணும், எங்ககிட்ட இல்ல."

இப்போது அவர் தோட்டத்துக்குப் போகிறார். குதிரையைப் பிடித்துக்கொண்டு சரிவில் ஏறும்போது மேட்டுப் பக்கமாக நடக்கிறார்.