கிளி இறகைப் பிடுங்குகிறதா? மருந்து தேடுமுன் மருத்துவரைத் தேடுங்கள்

"ஐயா, பையன் ஆசையாக வளர்த்த காக்டெய்ல் கிளி. அவன் கல்லூரி விடுதிக்குப் போனதிலிருந்து நெஞ்சு இறகைத் தானே பிடுங்கிக்கொள்கிறது. சாயங்காலமானால் கத்தித் தீர்க்கிறது. வேப்பெண்ணெய் தடவச் சொன்னார்கள், தடவினேன். கேட்கவில்லை. என்ன மருந்து கொடுக்கலாம்?"

சின்ன வெங்காயம் பயிரிடும் ஒரு சகோதரி எழுதிய கடிதம் இது. நான் பயிர் படித்தவன். பறவை வைத்தியம் என் வேலை இல்லை. ஆனால், அந்தக் கடைசிக் கேள்வி எனக்குப் பழக்கமானது. 'இலை மஞ்சளாகிவிட்டது, என்ன மருந்து அடிக்கலாம்?' என்று தினமும் கேட்கிறார்கள். தழைச்சத்துக் குறைவா, இரும்புச்சத்துக் குறைவா, வேரழுகலா, வெள்ளை ஈ பரப்பிய நச்சுயிரியா என்று பார்க்காமல் மருந்து சொன்னால் காசும் போகும், பயிரும் போகும். கிளி இறகைப் பிடுங்குவதும் அப்படித்தான். தோல் நோய், குடல் புழு, ஈரல் கோளாறு, சத்துக் குறைவு, தனிமை, பயம் என்று எதுவும் காரணமாக இருக்கலாம். "உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள், எண்ணெய் தடவுவதை நிறுத்துங்கள்" என்று பதில் எழுதினேன். இறகில் எண்ணெய் பட்டால் உடல் சூட்டைக் காக்க முடியாது. அலகால் கோதும்போது எண்ணெய் வயிற்றுக்கும் போய்விடும்.

மருத்துவர் பார்த்ததில் பூச்சி, புழு எதுவும் இல்லை. தினையும் சூரியகாந்தி விதையும் தவிர அது வேறெதையும் தின்றதில்லை. கூண்டு தொலைக்காட்சி அறையில் இருந்தது. இரவு 11 மணி வரை வெளிச்சமும் சத்தமும். பகலில் எல்லோரும் காட்டு வேலைக்குப் போய்விட, பேச்சுத் துணைக்கு ஆள் இல்லை. இவற்றையெல்லாம் மாற்றிய பிறகு இறகு முளைக்க ஆரம்பித்தது. ஆனால், நெஞ்சில் இரண்டு இடம் இன்னும் மொட்டையாகவே இருக்கிறது. நான்கு மாதம் பிடுங்கிப் பிடுங்கி இறகின் வேர் கெட்டுவிட்டது. முதல் வாரமே காட்டியிருந்தால் அந்த இடமும் தப்பியிருக்கும்.

எப்போது காத்திருக்கக் கூடாது?

கிளி நோயை மறைக்கும். காட்டில் சோர்ந்து உட்கார்ந்த பறவையைத்தான் வல்லூறு முதலில் தூக்கும். அதனால், நமக்குத் தெரியும் அளவுக்குச் சோர்ந்துவிட்டால் நோய் முற்றிவிட்டது என்றே பொருள். இறகைச் சிலிர்த்துக்கொண்டு கூண்டின் அடித்தட்டில் உட்காருவது, மூச்சு விடும்போது வால் மேலும் கீழும் ஆடுவது, இரை எடுக்காதது, எச்சத்தின் நிறம் மாறுவது, ரத்தக் கசிவு ஆகியவற்றில் எதைக் கண்டாலும் அன்றே கிளம்புங்கள்.

கிராம் காட்டும் சிறிய தராசில் வாரம் ஒருமுறை எடை பாருங்கள். காக்டெய்ல் சுமார் 80 முதல் 100 கிராம் இருக்கும். அதில் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே ஆபத்து.

எங்கே போவது?

முதலில் உங்கள் ஊர் கால்நடை மருந்தகத்தில் காட்டுங்கள். 'மாட்டு டாக்டருக்குக் கிளியைப் பற்றி என்ன தெரியும்' என்று நினைக்க வேண்டாம். முதலுதவி செய்வார், மேல் சிகிச்சைக்கு எங்கே போகலாம் என்றும் சொல்வார். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கல்லூரிகள் சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி முதலிய இடங்களில் சிகிச்சைப் பிரிவுகளோடு இயங்குகின்றன. பறவைகளைப் பார்க்கும் நாள், நேரத்தைப் போனில் கேட்டுக்கொண்டு புறப்படுங்கள்.

காற்றோட்டமுள்ள சிறிய பெட்டியில், துணி போர்த்தி, வெயில் ஏறுமுன் எடுத்துச் செல்லுங்கள். கூண்டில் விரித்த தாளை எச்சத்தோடு மடித்து எடுத்துக்கொள்ளுங்கள். கொடுக்கும் தீவனம் ஒரு கைப்பிடி, கிளி செய்யும் சேட்டையின் செல்போன் வீடியோ, எப்போது ஆரம்பித்தது என்ற குறிப்பு ஆகிய மூன்றும் இருந்தால் மருத்துவரின் பாதி வேலை முடிந்தது.

வீட்டில் என்ன மாற்றலாம்?

உடம்பில் கோளாறு இல்லை என்று மருத்துவர் சொன்ன பிறகு பழக்கத்தைக் கவனியுங்கள். வெறும் விதையில் வைட்டமின் ஏ, சுண்ணாம்புச் சத்து இரண்டும் போதாது. முருங்கைக்கீரை, கேரட், முளைகட்டிய பச்சைப்பயறு ஆகியவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள். விதையை ஒரேயடியாக நிறுத்தினால் பட்டினி கிடந்தே செத்துப்போகும். வெண்ணெய்ப்பழம் எனும் அவகாடோ, சாக்லேட், டீ, காபி, உப்புப் பண்டங்கள் கூடவே கூடாது. நான்ஸ்டிக் பாத்திரம் அதிகமாகக் காய்ந்தால் வரும் புகை கிளியைக் கொன்றுவிடும். கூண்டை அடுப்படியில் வைக்காதீர்கள்.

இரவில் 10 முதல் 12 மணி நேரம் இருட்டும் அமைதியும் வேண்டும். கடித்துக் கிழிக்க பனை ஓலை, வேப்பங்குச்சி கொடுங்கள். மருந்து அடித்த தோட்டத்துக் கிளை வேண்டாம். கத்தும்போது ஓடிப்போய் அதட்டாதீர்கள். கத்தினால் ஆள் வரும் என்று அது கற்றுக்கொள்ளும். அமைதியாக இருக்கும்போது போய்ப் பேசுங்கள். கடித்தால் அடிக்காதீர்கள், பயந்த கிளி இன்னும் கடிக்கும்.

வாசகர் கேள்விகள்

*பனைமரப் பொந்திலிருந்து எடுத்த பச்சைக்கிளிக் குஞ்சு வளர்ந்துவிட்டது. சிறகை வெட்டியிருக்கிறோம். இப்போது எல்லோரையும் கடிக்கிறது. என்ன செய்வது?*

நம் நாட்டுப் பச்சைக்கிளியை வீட்டில் வளர்ப்பது வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம், 1972-இன்படி குற்றம். சிறைத் தண்டனையும் அபராதமும் உண்டு. வனச்சரக அலுவலகத்தில் பேசி ஒப்படையுங்கள். நீங்களாகவே திறந்துவிட வேண்டாம்; பறக்க முடியாத கிளி பூனைக்கு இரையாகும். பருவத்துக்கு வந்த காட்டுப் பறவை கூண்டில் கடிப்பது அதன் இயல்பு. அதைத் திருத்த வைத்தியம் இல்லை.

*கோழிக்குக் கொடுக்கும் மருந்துப் பொடியைத் தண்ணீரில் கலந்து வைக்கலாமா?*

கூடாது. அந்த அளவு கோழிக்கானது. கிளி எவ்வளவு தண்ணீர் குடித்தது என்றும் தெரியாது. மருந்து குறைந்தால் நோய் போகாது. கூடினால் உயிர் போகும்.

*லவ் பேர்ட்ஸ் ஜோடியே சில நூறு ரூபாய்தான். அதற்குப் போய் வைத்தியச் செலவா?*

கிளிகளின் எச்சத் தூசி வழியாக மனிதருக்கும் பரவும் காய்ச்சல் ஒன்று உண்டு. கூண்டைச் சுத்தம் செய்யும்போது முகத்தை மூடுங்கள். பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். வீட்டில் யாருக்காவது காய்ச்சல், தலைவலி, வறட்டு இருமல் என்றால் 'வீட்டில் கிளி இருக்கிறது' என்று டாக்டரிடம் சொல்லுங்கள். அதனால் கிளிக்குச் செய்யும் செலவு வீட்டுக்கும் சேர்த்துத்தான். அதோடு, கூண்டில் அடைத்த உயிருக்குத் தன் இரையையோ மருந்தையோ தேடிப் போக வழியில்லை. அடைத்தவர்தான் பார்க்க வேண்டும்.