கிடை போட்ட வயல்

ஆடு மாடு வளர்த்தால் என்ன கிடைக்கும் என்று கேட்டால் பால், இறைச்சி, தோல் என்று அடுக்கிவிடுவோம். தஞ்சாவூர், திருவாரூர் பக்கத்து விவசாயியைக் கேட்டால் முதலில் புழுக்கையைச் சொன்னாலும் சொல்வார். கோடையில் அவர் ஆட்டுக்காரரைத் தேடிப் போவதே அதற்காகத்தான்.

அறுவடை முடிந்து வயல் காய்ந்ததும் ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கமிருந்து கீதாரிகள் என்னும் ஆட்டுக்காரர்கள் மந்தையை ஓட்டிக்கொண்டு டெல்டாவுக்கு வருவார்கள். பகலில் செம்மறிகள் தாளையும் வரப்புப் புல்லையும் மேயும். இரவில், பேசிவைத்த வயலில் வலை கட்டி உள்ளே அடைப்பார்கள். இதுதான் கிடை. மறுநாள் வலையைப் பிடுங்கி அடுத்த துண்டில் கட்டுவார்கள். இப்படியே நகர்ந்து வயல் முழுக்க எரு விழுந்துவிடும். ராத்திரிக்கு இவ்வளவு என்று கூலி. முன்பெல்லாம் நெல்லாகவே அளந்தார்கள்.

எருவை அள்ளிக் கொட்ட ஆளும் வேண்டாம், வண்டியும் வேண்டாம். அதைவிடப் பெரிய லாபம் மூத்திரம். தொழுவத்தில் வீணாக ஓடிப்போகிற தழைச்சத்து இங்கே நேராக மண்ணில் இறங்குகிறது. ஆனால் சூட்டோடு சூடாக ஒரு உழவு ஓட்டிவிட வேண்டும். வெயிலில் கிடந்தால் அது அம்மோனியாவாகிக் காற்றோடு போய்விடும்.

"ஆட்டு எரு அந்த வருஷம், மாட்டு எரு மறுவருஷம்" என்பார்கள். சும்மா சொன்னதில்லை. ஆட்டு எருவில் தழைச்சத்து ஏறக்குறைய 3 சதவீதம். தொழு எருவில் அரை சதவீதம்தான். புழுக்கை சீக்கிரம் பொடிந்து மண்ணோடு கலந்துவிடும். சாணத்தில் நார் அதிகம், மக்க நாளாகும். மண்ணைப் பொலபொலப்பாக வைக்க அந்த நாரும் தேவை என்பதால் சாணத்தைக் குறைவாக மதிக்க வேண்டாம்.

மாட்டுக்கும் கிடை உண்டு. மதுரை, சிவகங்கைப் பகுதிப் புலிகுளம் மாடுகள் கிடை மாடுகள்தான். ஜல்லிக்கட்டுக் காளைகளாக ஊரறிந்த இனம். கன்றுக்குப் போக மிஞ்சும் பால் கொஞ்சம். கறவையை மட்டும் பார்த்து இவற்றை உதவாத மாடு என்பது, என் கணக்கில், நியாயமே இல்லை. காங்கேயமும் அப்படித்தான், அது ஏருக்கும் வண்டிக்கும் என்றே வளர்ந்த இனம்.

கம்பளி? நம் சமவெளிச் செம்மறிகளில் பெரும்பாலானவற்றுக்கு மேலே இருப்பது முடிதான். மேச்சேரி ஆட்டின் தோலுக்கு மட்டும் தனி மவுசு.

கிடை போட நினைப்பவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சம்பா அறுப்புக்கு முன்பே பக்கத்து வயல்களில் உளுந்து, பயறு தெளித்திருப்பார்கள். மந்தை அதில் வாய் வைத்தால் சண்டைதான். விவரமான கீதாரி எது தரிசு, எந்தக் குளத்தில் தண்ணீர் கிடக்கிறது என்று விசாரித்துவிட்டுத்தான் கூலிப் பேச்சையே எடுப்பார்.