டிக்கெட் விலையை ஏற்றுவது கம்ப்யூட்டரா?

2024 செப்டம்பர் 22, ஞாயிற்றுக்கிழமை பகல் 12 மணி. கோல்ட்ப்ளே என்ற பிரிட்டன் இசைக் குழு அடுத்த ஜனவரியில் நவி மும்பை டி.ஒய். பாட்டீல் ஸ்டேடியத்தில் நடத்தவிருந்த நிகழ்ச்சிகளுக்கு புக்மைஷோ இணைய தளத்தில் டிக்கெட் விற்பனை தொடங்கியது. டிக்கெட் விலை 2,500 ரூபாயிலிருந்து 35,000 ரூபாய் வரை. அன்று 1 கோடியே 30 லட்சம் பேர் தளத்துக்குள் வந்ததாக அந்த நிறுவனம் பின்னர் தெரிவித்தது. கம்ப்யூட்டர் முன் காத்திருந்த பலருக்குத் திரையில் தெரிந்தது ஓர் எண் மட்டுமே. உங்களுக்கு முன்னால் வரிசையில் இத்தனை லட்சம் பேர் என்று அது சொன்னது. விற்பனை முடிந்த சூட்டோடு, அதே டிக்கெட்டுகள் வேறு தளங்களில் லட்ச ரூபாய்க்கும் மேல் விலை போட்டு விற்பனைக்கு வந்தன.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு இது குழப்பமாக இருக்கும். இன்டர்நெட் வந்தால் இடைத்தரகர் இருக்க மாட்டார், எல்லாம் மலிவாகக் கிடைக்கும் என்றுதானே சொன்னார்கள்? அப்படியானால் பெரிய இசை நிகழ்ச்சிகளின் டிக்கெட் மட்டும் ஏன் இப்படி ஏறுகிறது? டிக்கெட் விற்கும் சாப்ட்வேர்தான் காரணம் என்று பலரும் நினைக்கிறார்கள். அது பாதி உண்மைதான்.

பாட்டு மலிவானது, நிகழ்ச்சி விலை ஏறியது

முதலில் வீட்டுக் கம்ப்யூட்டர் செய்த வேலையைப் பார்ப்போம். ஒரு காலத்தில் பெரிய இசைக் குழுக்களுக்கு சிடி விற்பனைதான் பெரிய வருமானம். ஊர் ஊராகப் போய்ப் பாடியது ஒரு வகையில் அந்த சிடிக்கு விளம்பரம். 1999ல் நாப்ஸ்டர் வந்தது. எம்பி3 பைல்களை ஒருவர் கம்ப்யூட்டரிலிருந்து இன்னொருவர் இலவசமாக எடுத்துக்கொள்ள அது வழி செய்தது. வழக்குகளால் 2001ல் அது மூடப்பட்டாலும், பாட்டுக்குத் தனியாகக் காசு கொடுக்கும் பழக்கம் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. இசை இனி குழாய்த் தண்ணீர் போல, மின்சாரம் போல ஆகிவிடும், பாடகர்கள் நிறைய ஊர் சுற்றத் தயாராக வேண்டும் என்று டேவிட் போவி 2002லேயே சொன்னார். அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஆலன் க்ரூகர் கணக்குப் போட்டுப் பார்த்தார். 1996 முதல் 2003 வரை அமெரிக்காவில் பொதுவான விலைவாசி 17 சதவீதம் ஏறியபோது, இசை நிகழ்ச்சி டிக்கெட் விலை 82 சதவீதம் ஏறியிருந்தது.

ஏற்றம் அதோடு நிற்கவில்லை. டெய்லர் ஸ்விஃப்ட் 2023 மார்ச் முதல் 2024 டிசம்பர் வரை நடத்திய இராஸ் டூரில் 149 நிகழ்ச்சிகள். வந்தவர்கள் 1 கோடிக்குச் சற்று அதிகம், டிக்கெட் வசூல் 200 கோடி டாலருக்கும் மேல். கால்குலேட்டரைத் திறந்து வகுத்துப் பாருங்கள். சராசரியாக ஒரு டிக்கெட் 200 டாலரைத் தாண்டும். ராட்சத எல்இடி திரைகள், மேடையைச் சுமந்து செல்லும் லாரிகள், நூற்றுக்கணக்கான ஊழியர்கள் என்று செலவும் உண்டு. ஆனால் பாட்டு பைலைப் போல ஸ்டேடியத்தின் இருக்கைகளை காப்பி பேஸ்ட் செய்ய முடியாது. இருக்கும் இடம் அவ்வளவுதான்.

அந்த வரிசை எப்படி இயங்குகிறது?

ஒரு சர்வர் ஒரே நேரத்தில் இத்தனை பேருக்குத்தான் பதில் தர முடியும் என்று ஓர் அளவு உண்டு. அதற்கு மேல் கூட்டம் வந்தால் தளமே படுத்துவிடும். எனவே டிக்கெட் விற்கும் சர்வருக்கு முன்னால் காத்திருப்பு அறை போல ஒரு தனிப் பக்கத்தை வைக்கிறார்கள். பல தளங்களில், விற்பனை தொடங்கும் நொடிவரை அந்த அறைக்கு வந்த அனைவரையும் குலுக்கல் முறையில் வரிசைப்படுத்துவார்கள். அதிகாலையிலிருந்து காத்திருந்தவருக்கும் பத்து நிமிடம் முன்பு வந்தவருக்கும் அங்கே வித்தியாசம் இல்லை. நேரம் தொடங்கிய பிறகு வருபவர்கள் வால் பகுதியில் சேர்க்கப்படுவார்கள்.

உங்கள் வரிசை எண் பெரும்பாலும் பிரவுசரில் குக்கி என்ற சிறு பைலில் பதியப்படும். பொறுமையிழந்து குக்கியை அழித்தாலோ, வேறு பிரவுசரில் புதிதாகத் திறந்தாலோ நீங்கள் புது ஆளாகக் கருதப்படலாம். ஒரே அக்கவுண்டில் நான்கைந்து டேப் திறந்து வைப்பதும் ஆபத்துதான். சில தளங்கள் அதை மனிதர் அல்லாத புரோகிராம் என்று சந்தேகித்து வெளியே தள்ளிவிடும்.

இன்னொரு விஷயம். ஒருவர் இருக்கையைத் தேர்ந்தெடுத்தவுடன் அது அவருக்குச் சில நிமிடங்கள் பூட்டி வைக்கப்படும். அதற்குள் அவர் பணம் கட்டாவிட்டால் பூட்டு திறந்து அந்த இருக்கை மீண்டும் பட்டியலுக்கு வரும். ஆகவே எல்லாம் விற்றுவிட்டது என்று திரை சொன்னாலும் உடனே எழுந்து போய்விட வேண்டாம். பத்து இருபது நிமிடம் கழித்து ஒருமுறை பாருங்கள்.

வரிசை வைத்தும் தளம் திணறிய கதை உண்டு. 2022 நவம்பர் 15 அன்று இராஸ் டூர் முன்விற்பனையின்போது டிக்கெட்மாஸ்டர் தளத்துக்கு ஒரே நாளில் 350 கோடி கோரிக்கைகள் வந்தன. 20 லட்சத்துக்கும் அதிகமான டிக்கெட்டுகள் விற்றன. அடுத்து நடக்கவிருந்த பொது விற்பனை ரத்தானது. 2023 ஜனவரியில் அமெரிக்க செனட் குழு இதைப் பற்றி விசாரித்தது. டிக்கெட்மாஸ்டர், நிகழ்ச்சி நடத்தும் லைவ் நேஷன் நிறுவனத்துடன் 2010ல் இணைந்தது. டிக்கெட் விற்பதும் நிகழ்ச்சி நடத்துவதும் ஒரே கையில் இருப்பதை எதிர்த்து அமெரிக்க நீதித்துறை 2024 மே மாதம் வழக்குத் தொடர்ந்தது.

காத்திருக்கும்போதே மாறும் விலை

விமான டிக்கெட்டைப் போல, கேட்பவர் கூடக் கூட விலையை உயர்த்தும் முறைக்கு டைனமிக் பிரைசிங் என்று பெயர். 2022 ஜூலையில் ப்ரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் நிகழ்ச்சிகளுக்குச் சில டிக்கெட்டுகள் இந்த முறையில் 5,000 டாலரை நெருங்கின. உழைக்கும் மக்களைப் பாடியவர் என்பதால் ரசிகர்களுக்குக் கோபம் இரட்டிப்பானது.

2024 ஆகஸ்ட் 31ல் பிரிட்டனில் ஓயசிஸ் குழுவின் டிக்கெட் விற்பனையிலும் இதே கூச்சல் எழுந்தது. மணிக்கணக்கில் வரிசையில் நின்றவர்கள், சுமார் 150 பவுண்டு என்று நினைத்து வந்த டிக்கெட்டை 355 பவுண்டுக்குப் பார்த்தார்கள். யோசிக்கச் சில நிமிடங்களே இருந்தன. பலர் வாங்கிவிட்டுப் பிறகு புலம்பினார்கள். கம்ப்யூட்டர் விலையை ஏற்றிவிட்டது என்றுதான் எல்லோரும் பேசினார்கள்.

பிரிட்டனின் போட்டி மற்றும் சந்தைகள் ஆணையம் விசாரித்தபோது தெரிந்தது வேறு. அங்கே விலையை நொடிக்கு நொடி மாற்றும் நிரல் எதுவும் ஓடவில்லை. நின்று பார்க்கும் இடத்துக்கே இரண்டு விலைகளை முன்கூட்டியே வைத்து, குறைந்த விலை டிக்கெட்டுகளை முதலில் விற்றுத் தீர்த்துவிட்டு, பிறகு கூடுதல் விலை டிக்கெட்டுகளைத் திறந்திருந்தார்கள். வரிசையில் நின்றவர்களுக்கு இந்த விவரம் சொல்லப்படவில்லை. இரண்டு விலைகளையும் மனிதர்கள்தான் முடிவு செய்தார்கள். சாப்ட்வேர் எழுதுபவன் என்ற முறையில் எனக்கு இது வியப்பாக இல்லை. நிரல் தானாக எதையும் முடிவு செய்வதில்லை, ஆனால் பழியை மட்டும் நன்றாகச் சுமக்கிறது. இப்படி இரண்டு விலை இருந்தால் 24 மணி நேரம் முன்பே தெரிவிப்பதாக 2025 செப்டம்பரில் டிக்கெட்மாஸ்டர் அந்த ஆணையத்திடம் ஒப்புக்கொண்டது.

மனிதருக்கு முன்னால் ஓடும் புரோகிராம்கள்

திரையில் கோணல்மாணலாக எழுத்துகளைக் காட்டி, இதைத் தட்டச்சு செய்யுங்கள் என்று கேட்பதைப் பார்த்திருப்பீர்கள். அதன் பெயர் கேப்ட்சா. நீங்கள் மனிதர்தானா என்று பார்க்கும் சோதனை. அதையும் தாண்டி டிக்கெட் வாங்கும் தானியங்கிப் புரோகிராம்களுக்கு பாட் என்று பெயர். அமெரிக்காவில் வைஸ்கை டிக்கெட்ஸ் என்ற நிறுவனம் பல்கேரியாவில் புரோகிராமர்களை வைத்து இப்படி 10 லட்சத்துக்கும் மேற்பட்ட டிக்கெட்டுகளை வாங்கி, கூடுதல் விலைக்கு விற்று, 2.5 கோடி டாலருக்கு மேல் லாபம் பார்த்ததாக 2010ல் குற்றம் சாட்டப்பட்டது. அதன் தலைவர்கள் பின்னர் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். 2016ல் அமெரிக்கா இந்த வகை பாட்களைத் தடை செய்து தனிச் சட்டமே கொண்டு வந்தது. ஆனால் அந்தச் சட்டத்தின் கீழ் முதல் நடவடிக்கை 2021ல்தான் எடுக்கப்பட்டது. ஐந்தாண்டுகளில் பாட் எழுதுபவர்கள் எவ்வளவு தூரம் போயிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

கடைசிப் பக்கத்தில் ஏறும் தொகை

டிக்கெட் விலைக்கு மேல் சேவைக் கட்டணம் என்று ஒன்று வரும். இது இன்றைய சண்டை அல்ல. 18 டாலர் டிக்கெட்டுக்கு 1.80 டாலருக்கு மேல் கட்டணம் கூடாது என்று பேர்ல் ஜாம் குழு 1994ல் டிக்கெட்மாஸ்டருடன் மோதியது. அமெரிக்க நீதித்துறை மறு ஆண்டே விசாரணையைக் கைவிட்டது. 2023ல் தி க்யூர் குழு, சாதாரண ரசிகர்களுக்காக 20 டாலரில் டிக்கெட் வைத்தது. கட்டணம் அதையும் தாண்டியது. குழுவின் பாடகர் ராபர்ட் ஸ்மித் பொதுவெளியில் கேள்வி கேட்ட பிறகு, டிக்கெட்டுக்கு 5 அல்லது 10 டாலர் திருப்பித் தரப்பட்டது. கேட்டால் கிடைக்கிறது என்பதே, அந்தத் தொகை அவ்வளவு அவசியமானதல்ல என்று காட்டிவிட்டது! கட்டணம் உள்பட மொத்த விலையை முதலிலேயே காட்ட வேண்டும் என்ற விதி அமெரிக்காவில் 2025 மே மாதம் நடைமுறைக்கு வந்தது.

நம் நாட்டில் 500 ரூபாய்க்கு மேற்பட்ட இசை நிகழ்ச்சி டிக்கெட்டுக்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் உண்டு. எனவே முதல் பக்கத்து விலையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கடைசிப் பக்கத்தில் வரும் மொத்தத் தொகை எவ்வளவு வரை போகலாம் என்று வீட்டில் முன்கூட்டியே பேசி, ஒரு தாளில் எழுதி மானிட்டர் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். நிமிடங்கள் குறைந்துகொண்டே வரும்போது புதிதாக யோசிக்க முடியாது. முந்தைய நாளே அக்கவுண்ட் தொடங்கி, மொபைல் எண்ணைச் சரிபார்த்து, லாகின் செய்து பழகிக்கொள்ளுங்கள். தளத்தின் முகவரியை நீங்களே டைப் செய்யுங்கள். மெயிலிலும் வாட்ஸ்அப்பிலும் வரும் லிங்க்கை கிளிக் செய்ய வேண்டாம். பெரிய நிகழ்ச்சி அறிவிக்கப்பட்டவுடன் ஓரெழுத்து மாற்றிய போலித் தளங்கள் முளைத்துவிடும்.

டிக்கெட் கிடைக்காமல் போனால், முன்பின் தெரியாதவர் கியூஆர் கோடு படத்தை அனுப்பி, பணத்தை யுபிஐயில் போடச் சொல்வார். அதே படத்தை அவர் வேறு பத்து பேருக்கும் அனுப்பியிருக்கலாம். வாசலில் உள்ள ஸ்கேனர் ஒரு கோடை ஒருமுறைதான் ஏற்கும். முதலில் வந்து நின்றவர் உள்ளே போவார், மற்ற ஒன்பது பேரும் வெளியே நிற்க வேண்டியதுதான்.