உஷார்! வேப்பிலை கசந்தால் விஷம் ஏறவில்லை என்று நம்பிப் படுத்துவிடாதீர்கள்

பாம்பு கடித்தவரின் வாயில் வேப்பிலையைக் கொடுத்து மெல்லச் சொல்வார்கள். "கசக்குதா?" என்று கேட்பார்கள். கசந்தால் விஷம் ஏறவில்லை, வீட்டுக்குப் போகலாம். சப்பென்று இருந்தால் விஷம் ஏறிவிட்டது, மந்திரிக்க வேண்டும். சில ஊர்களில் வேப்பிலைக்குப் பதில் சிறியாநங்கை, சில ஊர்களில் மிளகு. இந்தச் சோதனையை நம்பாதீர்கள். கட்டுவிரியன் கடித்தவருக்கும் வேப்பிலை கசக்கும். கசக்கிறது என்று சொல்லிவிட்டு நிம்மதியாகப் படுத்தவருக்கு விடிவதற்குள் மூச்சு நின்று போகலாம்.

கட்டுவிரியனை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அது இரவில் வரும். தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பவரைத் தூக்கத்திலேயே கடிக்கும். பல நேரம் வலி இருக்காது, வீக்கம் இருக்காது, பல் பட்ட தடம்கூடக் கண்ணுக்குத் தெரியாது. கொஞ்ச நேரத்தில் வயிறு வலிக்கும், வாந்தி வரும். ராத்திரி சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று சோடா வாங்கிக் கொடுப்பார்கள். பிறகு இமை தானாகக் கீழே இறங்கும்; தூக்கக் கலக்கம் என்று நினைப்பார்கள். எச்சிலை விழுங்க முடியாது, பேச்சு குழறும், கடைசியில் மூச்சு விடும் தசைகள் செயலிழக்கும். நரம்பு நுனிகளையே சிதைக்கிற நஞ்சு அது. சிதைந்த பிறகு மருந்து ஏற்றினாலும் உடனே மீட்க முடியாது, நாள்கணக்கில் வென்டிலேட்டரில் வைத்திருக்க வேண்டியிருக்கும். மந்திரிக்கிறவர் வீட்டுத் திண்ணையில் கழிகிற இரண்டு மணி நேரத்தின் விலை இதுதான்.

"எங்க ஊர்ப் பெரியவர் எத்தனையோ பேரைக் காப்பாத்தியிருக்காரே, அது பொய்யா?" என்று கேட்பீர்கள். பிழைத்தவர்கள் பிழைத்தது உண்மை. அவர் காப்பாற்றினாரா என்பதுதான் கேள்வி. இந்தியாவில் 300-க்கும் மேற்பட்ட பாம்பு இனங்கள் இருக்கின்றன. அவற்றில் 60 சொச்சம்தான் நஞ்சுள்ளவை. சாரையும் தண்ணீர்ப் பாம்பும் கடித்தால் யாரும் சாவதில்லை. கட்டுவிரியன் மாதிரியே உடம்பில் பட்டை போட்ட, விஷமே இல்லாத பாம்பும் வீட்டுக்குள் வரும். நல்ல பாம்பேகூடச் சில நேரம் நஞ்சை இறக்காமல் வெறுமனே கடித்துவிட்டுப் போகும். பெரியவரிடம் பத்துப் பேர் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஏழெட்டுப் பேருக்கு உடம்பில் நஞ்சே இல்லையென்றால், மந்திரித்தாலும் பிழைப்பார்கள், மந்திரிக்காவிட்டாலும் பிழைப்பார்கள். ஊர் முழுக்க அவர் புகழைச் சொல்பவர்கள் இவர்கள்தான்.

மற்றவர்கள்? நிலைமை முற்றியதும் அவசரமாக ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போவார்கள், அங்கே இறப்பார்கள். "ஆஸ்பத்திரிக்குப் போனான், செத்துட்டான்" என்று ஊர் பேசும். சாவு டாக்டர் கணக்கில், பிழைப்பு மந்திரக்காரர் கணக்கில்! அப்படியும் யாராவது வந்து கேட்டால் பதில் தயாராக இருக்கும்: லேட்டா கூட்டிட்டு வந்தீங்க, வழியில தண்ணி குடுத்தீங்க, கடிச்ச நட்சத்திரம் சரியில்ல. பிழைத்தால் மந்திரம் பலித்தது, இறந்தால் விதி முடிந்தது. எது நடந்தாலும் தோற்காத வித்தை என்றால் அங்கேதான் நமக்குச் சந்தேகம் வர வேண்டும்.

அந்தச் சாவுகளின் அளவைக் கேளுங்கள். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்ததாக ஆய்வாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். ஆண்டுக்குச் சராசரி 58,000. கால் பங்குக்கு மேல் 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள். அதற்கு முன்பே வெளிவந்த, 2001-03 காலத்துப் பாம்புக்கடிச் சாவுகளை வீடு வீடாகப் போய்க் கேட்டுத் திரட்டிய ஆய்வில், இறந்தவர்களில் நான்கில் ஒருவர்கூட மருத்துவமனையில் இறக்கவில்லை. வீட்டிலும் வழியிலும் போன உயிர்கள் அவை. மந்திரக்காரரின் கணக்கில் இவர்களுக்கு இடமே இல்லை.

ஆஸ்பத்திரியிலும் ஒரு சோதனை செய்கிறார்கள். சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்ப்பார்கள். உறையாமல் ஓடினால், கண்ணாடி விரியன் போன்ற பாம்பின் நஞ்சு ரத்தத்தைக் கெடுத்துவிட்டது என்று பொருள். வேப்பிலையைவிட ஒன்றும் ஆடம்பரமான கருவி இல்லை. ஆனால் அது எதைக் காட்டும், எதைக் காட்டாது என்று சரிபார்த்திருக்கிறார்கள். கட்டுவிரியன் கடிக்கு அது உதவாது என்பதும் டாக்டருக்குத் தெரியும், அதனால் இமையையும் மூச்சையும் விடாமல் கவனிப்பார்.

விஷக்கல் என்று ஒன்று விற்கிறார்கள். காயத்தில் கப்பென்று ஒட்டிக்கொள்ளும், விஷத்தை உறிஞ்சியதும் தானே விழும் என்பார்கள். பெரும்பாலும் சுட்டுக் கரியாக்கிய எலும்புதான். நுண்துளை உள்ள பொருள் ஈரமான இடத்தில் ஒட்டும், ஈரம் குடித்ததும் விழும். நஞ்சோ அதற்குள் சதைக்குள் இறங்கிப் போயிருக்கும். இந்தியாவிலிருந்து போன இந்தக் கற்களை இத்தாலி மருத்துவர் பிரான்செஸ்கோ ரெடி நஞ்சேற்றிய பிராணிகள்மேல் வைத்துப் பார்த்து, பயனில்லை என்று 1671-லேயே எழுதி அச்சிட்டுவிட்டார்.

நாட்டு அறிவை இழிவுபடுத்துகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் பிடிக்கிற பாம்புகளின் நஞ்சிலிருந்துதான் நாட்டின் விஷமுறிவு மருந்து பெருமளவு உருவாகிறது. அந்த நஞ்சைக் குதிரைக்குச் சிறிது சிறிதாக ஏற்றி, அதன் ரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுக்கிறார்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே மருந்து. மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இருளர் இருவருக்கு 2023-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். தடம் பார்த்துப் பாம்பின் வளையைக் கண்டுபிடிக்கிற அவர்கள் அறிவு தினமும் சோதிக்கப்படுகிறது. தப்பாகச் சொன்னால் வளையில் பாம்பு இருக்காது. மந்திரத்துக்கு அப்படி ஒரு சோதனையை யாரும் வைக்கவில்லை.

நாய்க்கடியிலும் இதே ஏமாற்றம்தான். கடிக்கிற நாய்களில் பெரும்பாலானவற்றுக்கு வெறி இருக்காது, அதனால் மந்திரித்த கயிறு பலித்தது போலத் தெரியும். வெறிநாயாக இருந்து, நோயின் அறிகுறியும் தொடங்கிவிட்டால் பிழைப்பது அரிதிலும் அரிது. சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவிவிட்டு அன்றைக்கே தடுப்பூசிக்குப் போய்விடுங்கள்.

பாம்பு கடித்தால் கயிற்றால் இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். மோதிரம், வளையல், கொலுசைக் கழற்றிவிடுங்கள். எலும்பு முறிந்தால் செய்வதுபோல் கை காலை அசையாமல் மட்டை வைத்துத் தளர்வாகக் கட்டுங்கள். கடிபட்டவரை நடக்க விடாதீர்கள். பாம்பைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். ராத்திரி தரையில் படுத்தவருக்குக் காரணமில்லாமல் வயிறு வலித்து இமை சொருகினால், கடித்த தடம் இல்லாவிட்டாலும் பாம்புக்கடி என்றே எண்ணிக் கிளம்புங்கள். அரசு மருத்துவமனைகளில் விஷமுறிவு மருந்து இலவசம். மந்திரித்துக் கொள்ளத்தான் வேண்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் பிடிவாதம் பிடித்தால், ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்த பிறகு மந்திரித்துக் கொள்ளட்டும். முதல் போன் 108-க்குப் போகட்டும்.