காப்பியும் நாமும்

சனிக்கிழமை காலையில் பிள்ளைகளை வகுப்பில் விட்டுவிட்டுத் தாழ்வாரத்தில் காத்திருக்கும் பெற்றோரிடையே இரண்டு தவறாமல் இடம்பெறும். ஒன்று ஊர்க்கதை, மற்றொன்று, யாரேனும் ஒருவர் பிளாஸ்கில் கொண்டுவரும் காப்பி. ஒருநாள் இடைவேளையில் ஓடிவந்த சிறுமி ஒருத்தி நம்மிடம் இவ்வாறு கேட்டாள்: "காப்பி தமிழ்ச் சொல்லா? இல்லை என்றால், அம்மா ஏன் இதை நம்ம ஊர்க் காப்பி என்று சொல்கிறார்கள்?" டெக்சாசில் பிறந்து வளரும் பிள்ளையின் அக்கேள்விக்கு உடனடியாக விடை கூற நம்மால் இயலவில்லை. பின்னர் ஆய்ந்து அறிந்தவற்றை இம்மலரின் வாயிலாகப் பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். அரபு மொழியின் 'கஃவா' என்னும் சொல் துருக்கியர் வழியாகவும் ஐரோப்பியர் வழியாகவும் உருமாறி நம்மிடம் 'காப்பி' என வந்து சேர்ந்தது. தூயதமிழ் அன்பர்கள் இதற்குக் 'குளம்பி' என்று பெயர் சூட்டினர். காப்பிக் கொட்டை குளம்பினை ஒத்திருப்பதே காரணம் என்பர். பெயர் பிறமொழியினதாயினும் அதனைச் சூழ்ந்த சொற்கள் நம்முடையவை. வடிநீர் 'இறங்குகிறது' என்கிறோம். கெட்டியாக இறங்கியதைக் 'கள்ளிச்சொட்டு' என்று புகழ்கிறோம். டபராவிலும் டம்ளரிலும் மாற்றி மாற்றி ஊற்றி 'ஆற்றுகிறோம்'. சூட்டைத் தணிப்பதற்கும் துயரைத் தணிப்பதற்கும் தமிழில் இந்த ஒரே வினை பயன்படுவதை எண்ணுந்தோறும் வியப்பே மேலிடுகிறது.

இனிச் செடியின் பயணத்தைக் காண்போம். அராபிகா காப்பியின் தாயகம் எத்தியோப்பியா. அங்கிருந்து அது ஏமன் நாட்டிற்குச் சென்றது. 17ஆம் நூற்றாண்டில் பாபா புதான் என்னும் சூஃபிப் பெரியார் ஏமனின் மோக்கா துறைமுகத்திலிருந்து ஏழு விதைகளை மறைத்துக் கொணர்ந்து, இன்றைய கருநாடகத்தின் சிக்கமகளூர் மலைகளில் ஊன்றினார் என்பது மரபுச் செய்தி. தமிழகத்தின் ஏற்காட்டிற்கு 1820களில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் காப்பிச் செடியைக் கொண்டுவந்தார்.

அதே 1820களில் இலங்கையின் மலைநாட்டிலும் ஆங்கிலேயர் காப்பித் தோட்டங்கள் அமைக்கத் தொடங்கினர். அவற்றில் உழைப்பதற்காகத் தமிழகத்திலிருந்து ஏழை மக்கள் கடல் கடந்து, மன்னார்க் கரையிலிருந்து காடுகளினூடே கால்நடையாகக் கண்டிச் சீமைக்குச் சென்றனர். வழியில் நோயாலும் பசியாலும் மடிந்தோர் பலர். 1869இல் பரவிய இலைத்துரு நோய் அத்தோட்டங்களை அழித்த பின்னரே அங்குத் தேயிலை தழைத்தது. ஆகவே மலையகத் தமிழரின் வரலாறு தேயிலைக்கு முன்பே காப்பியில் தொடங்கிற்று எனலாம். அவர்கள் அங்குச் சென்ற 200ஆம் ஆண்டு 2023இல் நினைவுகூரப்பட்டது. நாம் விமானத்தில் வந்தவர்கள். அவர்கள் நடந்து சென்றவர்கள். டம்ளரைக் கையில் எடுக்கும்போது அவர்களை ஒருகணம் நினைப்பது நம் கடன்.

தமிழர் இல்லங்களில் காப்பி நுழைந்ததும் எளிதாக அன்று. காலையில் நீராகாரமும் பழையதும் உண்ட மக்களைக் கெடுக்க வந்த பானம் என்று 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பலர் இதனைக் கடிந்தனர். வரலாற்றறிஞர் ஆ. இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்னும் தம் நூலில் இதனைச் சுவைபட ஆராய்ந்துள்ளார். வீட்டுக்கு வீடு காப்பி பரவிய பின்னரும் அதனை அருந்தும் இடத்தில் சமத்துவம் இல்லை. 1957இல் சென்னை திருவல்லிக்கேணியில் ஓர் உணவகத்தின் பெயர்ப்பலகையிலிருந்து சாதிப்பெயரை நீக்கக் கோரிப் பெரியாரின் தொண்டர்கள் பல மாதங்கள் மறியல் செய்து சிறை சென்றனர். சிற்றூர்த் தேநீர்க் கடைகளில் சிலருக்குத் தனிக் குவளை வைத்த கொடுமையையும் நாம் அறிவோம். பழம்பெருமை பேசும்போது இவற்றை மறைத்துப் பேசுதல் முறையாகாது.

இனி நம் டெக்சாசிற்கு வருவோம். ஊரிலிருந்து கொண்டுவந்த காப்பித்தூள் தீர்ந்ததும், இங்குக் குடியேறிய தமிழர் பலருக்குக் கைகொடுத்தது நியூ ஆர்லியன்சின் மஞ்சள் நிறத் தகர டப்பா. ஹியூஸ்டனிலிருந்து ஏறத்தாழ 350 மைல் தொலைவிலுள்ள அந்நகரில் 1862இல் தொடங்கிய 'கஃபே து மோந்த்' கடையின் தூள் அது. அதில் சிக்கரி கலந்திருக்கும். காப்பிக்குத் தட்டுப்பாடு வந்த காலங்களில் சிக்கரிக் கிழங்கின் வேரை வறுத்துக் கலப்பதைப் பிரெஞ்சுக்காரர் பழகினர். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது துறைமுகம் முற்றுகையிடப்பட்டதும் நியூ ஆர்லியன்ஸ் மக்களும் அதனையே நாடினர். பஞ்சம் போக்க வந்த வேர், கும்பகோணத்திலும் லூசியானாவிலும் சுவையாகவே நிலைத்துவிட்டது!

சிக்கரியில் காஃபின் இல்லை. நிறமும் கெட்டித்தன்மையும் மெல்லிய கசப்பும் அது தருவன. இந்தியச் சட்டப்படி கலவைத் தூளில் காப்பி 51 விழுக்காட்டிற்குக் குறையலாகாது. 80க்கு 20 என்பது பலர் விரும்பும் அளவு.

நம் பில்டரின் நுட்பமும் எளியதே. மேல் அடுக்கில் தூளை இட்டு, குடை போன்ற தட்டினால் மெல்ல அழுத்தி, கொதித்து அடங்கிய வெந்நீரை ஊற்றி மூடிவிட வேண்டும். மின்சாரமோ அழுத்தமோ இன்றிப் புவியீர்ப்பு ஒன்றே வேலை செய்கிறது. சிக்கரி நீரை உறிஞ்சி உப்பி வழியை நெருக்குவதால் வடிநீர் சொட்டுச் சொட்டாக இறங்கிச் சத்தை முழுதும் ஈர்த்துக்கொள்கிறது. அரைமணி நேரம் பொறுத்தல் வேண்டும். தட்டினால் விரைவாக இறங்கும். ஆனால் நீர்த்துப் போகும். காகித வடிகட்டி பொருத்திய இயந்திரம் சில நிமிடங்களில் தருவது மெலிந்திருப்பதற்கு விரைவு ஒரு காரணம். காகிதம் எண்ணெய்ப் பசையைப் பிடித்துக்கொள்வது மற்றொரு காரணம்.

பாலிலும் வேறுபாடு உண்டு. இங்கு விற்கும் முழுப்பாலில் கொழுப்பு 3.25 விழுக்காடு அளவே இருக்கும். ஊரின் எருமைப்பாலில் அதனினும் ஏறத்தாழ இருமடங்கு. ஆதலால் முழுப்பாலுடன் 'ஆஃப் அண்ட் ஆஃப்' சிறிது சேர்த்துக் காய்ச்சினால் ஊர்ச் சுவை ஓரளவு கிட்டும். இது நம் அடுக்களை அனுபவம்.

இப்போது அச்சிறுமிக்கு விடை கூறலாம். குழந்தாய், காப்பி தமிழ்ச் சொல் அன்று. எத்தியோப்பியாவின் செடி, ஏமனின் விதை, பிரெஞ்சுக்காரரின் வேர், அமெரிக்கப் பசுவின் பால் ஆகியவை ஒன்றுசேர்ந்த பானம் இது. ஆயினும் பொறுமையுடன் இறக்கி, ஆற்றி, வந்தவர்க்கு முதலில் கொடுத்துப் பின் தாம் அருந்தும் பழக்கம் உன் அம்மாவுக்கு அவர் அம்மாவிடமிருந்து வந்தது. நம்ம ஊர்க் காப்பி என்று அவர் சொல்வது அதனையே.

பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். சிறார்க்குக் காப்பி வேண்டா என்பது மருத்துவர் அறிவுரை, அதனை மதிப்போம். ஆனால் பில்டரில் தூளை இட்டு அழுத்தவும், சொட்டும் ஓசையைக் காத்திருந்து கேட்கவும், விருந்தினரிடம் டம்ளரை இரு கையால் நீட்டவும் அவர்களுக்குக் கற்பிப்போம். அவ்வேளையில் 'இறங்கிற்றா?', 'ஆற்றித் தரட்டுமா?' என்று பேசும் சொற்கள் பாடநூலில் படிப்பதைவிட ஆழமாக நிலைக்கும். ஊரில் பிரித்து வைத்த குவளைகளின் கதையையும் உரிய வயதில் சொல்வோம்.

நம் பள்ளித் தாழ்வாரத்தில் இலங்கைத் தமிழரும் இந்தியத் தமிழரும், எந்த ஊரார் எந்தக் குலத்தார் என்று கேளாமல், ஒரே பிளாஸ்கிலிருந்து ஊற்றிக் குடிக்கிறோம். நம் பிள்ளைகள் அதனைப் பார்த்து வளர்கிறார்கள். ஆண்டுவிழா அன்று அரங்கின் பின்புறம் காப்பி தயாராக இருக்கும். அனைவரும் வருக, ஆற்றிக் குடிக்க அமர்க!